கற்பனை, புனைவு, ஜோடனை: ஆங்கிலத்தில் எந்த இடத்துக்கு எந்தச் சொல்?

கேள்வி (குடியாத்தம் வாசகர்), 2024 செப்டம்பர் 7

இமாஜினரி, ஃபிக்ஷனல், ஃபிக்டிஷியஸ், ஃபேப்ரிகேட்டட், மித்திக்கல் என்று ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. எல்லாமே இல்லாத ஒன்றைத்தான் குறிக்கின்றன. தமிழில் "கற்பனையான" என்ற ஒரு சொல்லே போதும். மாணவர்களிடம் இவற்றுக்கு வேறுபாடு சொல்லச் சொல்வது வீண் சுமை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

2024 செப்டம்பர் 7, இரவு

மறுக்கிறேன். சத்துவாச்சாரியில் நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். இந்தச் சொற்களில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் மனுவின் பொருளே மாறிவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு கடன் வழக்கின் புகார் மனு மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்தது. கடன் பெற்றவர்களாகப் பட்டியலில் இருந்த சிலர் உலகத்திலேயே இல்லாதவர்கள் என்பது புகார். மனுவில் "கற்பனையான நபர்கள்" என்று எழுதியிருந்தார்கள். இதை இமாஜினரி என்று பெயர்த்தால், அந்த நபர்கள் யாருடைய மனத்திலோ தோன்றியவர்கள் என்று ஆகிவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, அது புகார்தாரரின் மனம்தான் என்று சொல்லவும் இடம் கிடைக்கும். ஃபிக்ஷனல் என்றால் அவர்கள் ஏதோ நாவலின் பாத்திரங்கள் என்று பொருள்படும். ஃபிக்டிஷியஸ் என்றால்தான் இல்லாத ஆளின் பெயரை ஒருவர் உண்மையான பதிவேட்டில் ஏற்றினார் என்ற குற்றச்சாட்டு முழுமையாக வந்து சேரும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, இல்லாத பெயரில் எழுதப்பட்ட மாற்றுச்சீட்டைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறது.

ஆர்.கே. நாராயணின் கதைகளில் வரும் மால்குடி ஒரு ஃபிக்ஷனல் ஊர். அந்த ஊரை முகவரியாகக் கொடுத்து ஒருவர் வங்கிக் கணக்குத் தொடங்கினால் அந்த முகவரி ஃபிக்டிஷியஸ். தனியே விளையாடும் குழந்தை தன் பக்கத்தில் ஒரு தோழி உட்கார்ந்திருப்பதாகப் பேசிக்கொண்டிருந்தால் அந்தத் தோழி இமாஜினரி. மூன்றுமே இல்லாதவைதாம். ஆனால் யார் உண்டாக்கினார்கள், யாரை நம்பச் சொன்னார்கள் என்று கேட்டால் மூன்றுக்கும் மூன்று விடைகள் வருகின்றன.

2024 செப்டம்பர் 8

தமிழில் ஒரு சொல் போதும் என்று சொன்னதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் இந்த வேறுபாடுகள் எல்லாம் இருக்கின்றன. நாம்தான் பள்ளிக்கூட மொழிபெயர்ப்புப் பழக்கத்தில் எல்லாவற்றையும் கற்பனையின் தலையில் ஏற்றிவிட்டோம்.

புனைகதை என்பதில் குற்றம் இல்லை. புனைபெயர் என்பதிலும் இல்லை. புனைசுருட்டு என்றால் முழுக்கக் குற்றம். கட்டுக்கதை ஊரார் சொல்வது. இட்டுக்கட்டியது ஒருவர் வேண்டுமென்றே செய்தது. நீதிமன்ற வளாகத்தில் நாள்தோறும் கேட்கும் சொல் ஒன்று உண்டு: "இது ஜோடிச்ச கேஸுங்க." ஃபேப்ரிகேட்டட் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. புனைதலுக்கும் ஜோடித்தலுக்கும் முதற்பொருள் அலங்கரிப்பதுதான். மாலை புனைவார்கள், தேரை ஜோடிப்பார்கள்; அதே வினைகள் பொய்ச் சான்றுக்கும் வந்து சேர்ந்தன. அழகுபடுத்தும் செயலிலிருந்து பொய்யை நோக்கித் தமிழ் நடந்த இந்த வழி தனியான ஆராய்ச்சிக்கு உரியது.

2024 செப்டம்பர் 8, மாலை

இராணிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சிப்காட்டில் எங்கள் பட்டறைப் பலகையிலேயே ஃபேப்ரிகேஷன் ஒர்க்ஸ் என்று இருக்கிறது. நாங்கள் இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து கொடுக்கிறோம். அந்தச் சொல் எப்படிப் பொய்யைக் குறிக்கும்?"

நல்ல கேள்வி. இலத்தீனில் ஃபாபர் என்றால் கைவினைஞர். அவர் செய்வது ஃபேப்ரிகேஷன். கொதிகலன் துணைக்கருவிகள் செய்யும் பெல் ஆலை உள்ள ஊரில் அந்தச் சொல் தன் பழைய, நேர்மையான பொருளிலேயே வாழ்வது இயல்பு. அதே சொல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 192ஆம் பிரிவில் பொய்ச் சான்று புனைவதைக் குறித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 228ஆம் பிரிவிலும் அதுவே தொடர்கிறது.

வேறுபாடு வினையில் இல்லை, செயப்படுபொருளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தொட்டியும் குழாயும் செய்யப்பட வேண்டிய பொருள்கள். சான்றும் ஆய்வுத் தரவும் சாட்சியின் நினைவும் கண்டெடுக்கப்பட வேண்டியவை. கண்டெடுக்க வேண்டியதைச் செய்தால் அது குற்றம். இன்வென்ட் என்ற சொல்லையும் இதே அளவையால் அளக்கலாம்: இயந்திரத்தை இன்வென்ட் செய்தால் பாராட்டு, வேலைக்கு வராததற்குக் காரணத்தை இன்வென்ட் செய்தால் கண்டனம். இலத்தீனில் அந்த வினைக்குக் கண்டடைதல் என்பதே பொருள்.

2024 செப்டம்பர் 10

ஃபிக்ஷன் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு: ஃபிங்கெரே என்ற இலத்தீன் வினையிலிருந்து. களிமண்ணைப் பிசைந்து உருவம் கொடுப்பது அதன் பழம்பொருள். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் மண்பாண்டம் வனைபவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வினை எளிதில் விளங்கும். தமிழிலும் வனைதல், புனைதல் என்று இரண்டு சொற்களும் அருகருகே நிற்கின்றன. ஃபிக்மென்ட் (மனம் கட்டியது), ஃபெய்ன் (பாசாங்கு செய்), எஃபிஜி (உருவபொம்மை) எல்லாம் அதே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை.

ஃபிக்மென்ட் தனியாக வருவது அரிது. "ஆஃப் ஹிஸ் இமாஜினேஷன்" என்ற வாலோடுதான் பெரும்பாலும் வரும். எதிராளியின் பேச்சை மதிப்பின்றித் தள்ளுவதற்கான சொல் அது. மரியாதையான கடிதத்தில் எழுதக்கூடாது.

2024 செப்டம்பர் 12

ஃபேன்சி. வேலூர் லாங்கு பஜாரில் நடந்தால் பத்தடிக்கு ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையல், ரிப்பன், பொட்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனால் ஃபேன்சி நம்பர். இது ஃபேன்டசி என்ற சொல் தேய்ந்து உண்டானது என்று சொன்னால் மாணவர்கள் வியப்படைகிறார்கள்.

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல் வெளியிட்ட தம் இலக்கியத் தன்வரலாற்றில் இமாஜினேஷனையும் ஃபேன்சியையும் பிரித்துவைத்தார். ஃபேன்சிக்கு அவர் கொடுத்த இடம் கீழானது: ஏற்கெனவே நினைவில் உள்ள பொருள்களை எடுத்து மாற்றி அடுக்குவது மட்டுமே அதன் வேலை. இமாஜினேஷனோ பொருள்களைக் கரைத்து, கலைத்து, புதிதாகப் படைக்கும்.

வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்து யாளிகளை இந்த அளவுகோலால் பார்த்தேன். சிங்க உடல், யானைத் துதிக்கை என்று உறுப்புகளைப் பட்டியலிட்டால் அது அடுக்கு வேலை, கோல்ரிட்ஜின் கணக்கில் ஃபேன்சி. சிங்கம், ஆடு, பாம்பு மூன்றையும் சேர்த்த கிரேக்கக் கைமிராவும் அப்படியே. ஆயினும் தூணின் முன் நிற்கும்போது உறுப்புகள் தனித்தனியாகத் தெரிவதில்லை. பின்னங்காலில் எழும்பி நிற்கும் ஒரே விலங்குதான் தெரிகிறது. பதினாறாம் நூற்றாண்டின் சிற்பிக்குக் கோல்ரிட்ஜின் உயர்ந்த சொல்லையே கொடுப்பேன்.

கைமிரா என்ற சொல் ஆங்கிலத்தில் வேறு இரண்டு வேலைகளும் பார்க்கிறது. நிறைவேறாத ஆசையைக் கைமிரிக்கல் என்பார்கள். நம் முயற்கொம்பு அதற்குச் சரியாகப் பொருந்தும். உயிரியலில், மரபணு வேறான இருவகை உயிரணுக்கள் ஓருடலில் இருந்தால் அந்த உயிரி கைமிரா. அது மெய்யாகவே இருக்கும் ஒன்று.

2024 செப்டம்பர் 13

இல்பொருள் உவமையணியை ஏன் மறந்தீர்கள் என்று ஆரணியிலிருந்து ஒரு தமிழாசிரியர் அம்மா எழுதியிருக்கிறார். மறக்கவில்லை, அம்மா. உலகில் இல்லாத ஒன்றை உவமையாக்குவதற்கு அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் அபூத உவமை என்று பெயரே வைத்திருக்கிறது. அதை ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தால் இமாஜினரி என்பேன். கவிஞர் யாரையும் ஏமாற்றவில்லை. கேட்பவருக்கும் அது இல்லாத பொருள் என்று தெரியும்.

2024 செப்டம்பர் 15

மித், லெஜண்ட். இதில்தான் நிறைய மனக்கசப்பு உண்டாகிறது. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

வள்ளிமலையின் தலபுராணத்தைச் சுருக்கி ஆங்கிலத்தில் தரும்படி ஒருவர் கேட்டார். வள்ளி பிறந்து, தினைப்புனம் காத்து, முருகனை மணந்த இடம் என்பது அந்த மலையின் மரபு. அதே மலையில் சமணக் குடைவரையும் தீர்த்தங்கரர் உருவங்களும் உள்ளன. அவற்றைக் கங்க அரசன் இராசமல்லன் ஒன்பதாம் நூற்றாண்டில் செய்வித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டுச் செய்தி வரலாறு, அதில் சிக்கல் இல்லை. வள்ளியின் கதையை மித் என்று எழுதலாமா?

கல்விப்புலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொய் என்ற பொருள் இல்லை. ஒரு சமூகம் தன் தோற்றத்தையும் தெய்வங்களையும் விளக்கிக்கொள்ளும் புனிதக் கதை என்பதுதான் பொருள். தொன்மம் என்ற தமிழ்ச் சொல்லும் அந்த மரியாதையோடு ஆக்கப்பட்டதே. நாளிதழ் ஆங்கிலத்தில் நிலைமை வேறு. நீரிழிவு பற்றிய மித் என்று தலைப்பிட்டால், பலரும் நம்பும் தவறான கருத்து என்று பொருள். கோயில் வாசலில் நின்று படிக்கும் பக்தர் இந்த இரண்டாம் பொருளில்தான் வாசிப்பார். அதனால் அந்தச் சுருக்கத்தில் மித் என்ற சொல்லைத் தவிர்த்து, மரபு இவ்வாறு சொல்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். இது மழுப்பல் என்று ஒரு நண்பர் சொன்னார். நம்பிக்கையோடு வருபவரின் முகத்தில் அடிக்காமல் உண்மையை மட்டும் சொல்லும் வாக்கியம் என்பது என் எண்ணம்.

லெஜண்ட் இன்னொரு வகை. அதன் வேர்ப்பொருள் படிக்கப்பட வேண்டியவை. புனிதர்களின் வாழ்க்கைக் கதைகளுக்கு முதலில் இட்ட பெயர். அதன் அடியில் வரலாற்று மனிதர் ஒருவரோ உண்மையான இடம் ஒன்றோ பெரும்பாலும் இருக்கும். செஞ்சியின் தேஜ் சிங் 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு போரிட்டு மாண்டது வரலாறு. அவரே கதைப்பாடலில் தேசிங்கு ராஜனாகி, அடக்க முடியாத குதிரையை அடக்கியது லெஜண்ட். உடன்கட்டை ஏறிய அவருடைய ராணியின் நினைவாகவே இராணிப்பேட்டை என்ற பெயர் வந்தது என்பதை எங்கள் பகுதியில் சிறு குழந்தையும் சொல்லும். தேசிங்கை மித்திக்கல் என்றால் அவர் வாழவே இல்லை என்று ஆகும். லெஜண்டரி என்றால் வாழ்ந்தவர்மேல் கதை படர்ந்தது என்று ஆகும். இந்த வேறுபாட்டுக்காக நான் எந்தப் பதிப்பாசிரியரோடும் வாதாடத் தயார்.

2024 செப்டம்பர் 15, இரவு

வேலூர்க் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை உண்டு என்ற பேச்சு எந்த வகை என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு பாதைக்கு ஆய்வில் சான்று கிடைக்கவில்லை. கோட்டை உண்மை, ஊர் உண்மை, இடையிலுள்ள பாதை மட்டும் சொல்வழக்கு. லெஜண்ட் என்பதே பொருந்தும். ஃபேப்ரிகேட்டட் என்று சொல்லாதீர்கள். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்த பொய் அது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

2024 செப்டம்பர் 18

வணிகவியல் ஆசிரியர் ஒருவர் என் முதல் குறிப்பைத் தொட்டுக் கேட்கிறார்: ஃபிக்டிஷியஸ் என்றால் குற்றம் என்று தொனிக்கும்படி எழுதியிருக்கிறீர்களே, கணக்குப்பதிவியலில் தொடக்கச் செலவுகள் முதலியவற்றை ஃபிக்டிஷியஸ் சொத்துகள் என்று கற்பிக்கிறோமே, அதில் என்ன ஏமாற்று?

ஏமாற்று இல்லை. அந்தச் சொல்லின் எல்லையை இன்னும் அகலமாக வரைய வேண்டும் என்பதை உங்கள் எடுத்துக்காட்டு காட்டுகிறது. இயற்பியலிலும் இப்படி ஒன்று உண்டு. ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போது நம்மை வெளிப்புறம் யாரோ தள்ளுவதுபோல் இருக்கிறது. தள்ளுபவர் யாரும் இல்லை. உடல் நேர்கோட்டில் போக முயல்கிறது, பேருந்து திரும்புகிறது. பேருந்தையே நிலையானதாக வைத்துக் கணக்கிடுவதற்காக ஒரு விசையைச் சேர்க்கிறோம். அதை ஆங்கிலத்தில் ஃபிக்டிஷியஸ் விசை என்பார்கள், தமிழ்ப் பாடநூலில் போலி விசை.

பட்டியலில் இல்லாத ஆள், ஐந்தொகையில் விற்க முடியாத சொத்து, சமன்பாட்டில் தள்ளுபவரற்ற விசை. மூன்றிலும் மெய்யான ஒன்றுக்கென ஒதுக்கிய இடத்தில் மெய்யல்லாத ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஃபிக்டிஷியஸின் உட்பொருள் அதுதான். உட்கார வைத்தவர் ஏமாற்றினாரா, எல்லாரும் அறியச் செய்தாரா என்பதைச் சூழல்தான் சொல்லும்.

2024 செப்டம்பர் 19

எல்லாரும் அறியச் செய்யும் புனைவுக்குச் சட்டத்தில் பெயரே உண்டு: லீகல் ஃபிக்ஷன், சட்டப் புனைவு. அதன் அடையாளச் சொல் டீம்டு, அதாவது "அவ்வாறே கருதப்படும்". வேலூரில் அந்தச் சொல்லைக் கேட்காதவர் இல்லை. 2001இல் விஐடி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது முதல் ஆட்டோ ஓட்டுநர்கூட டீம்டு யுனிவர்சிட்டி என்பார். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பல்கலைக்கழகமாக நிறுவப்படாத ஒரு நிறுவனத்தைப் பல்கலைக்கழகமாகவே கருதச் சொல்கிறது. அங்கே வாங்கும் பட்டம் புனைவு அல்ல, முழு உண்மை.

கோயில் தெய்வத்துக்குச் சொத்துரிமை இருப்பதும் இந்த வழியில்தான். 1925இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், தெய்வத் திருவுருவம் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர் என்று ஏற்றது. கோயில் நில வழக்குகளில் சாமியே வாதியாக இருப்பதைப் புதிய மொழிபெயர்ப்பாளர்கள் பார்த்துத் திகைப்பார்கள். அங்கே ஃபிக்ஷன் என்பதைப் பொய் என்று பெயர்த்துவிடக்கூடாது. என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் எச்சரிக்கை இதுதான்.

2024 செப்டம்பர் 22

பாகாயத்தில் மனநல மையத்துக்கு உறவினரை அழைத்துச் செல்லும் ஒருவர், அறிக்கையில் உள்ள சொற்களை விளக்கும்படி கேட்டிருக்கிறார். நோயைப் பற்றி மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்; சொற்களை மட்டும் சொல்கிறேன். அரையிருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிந்தால் இல்யூஷன். அங்கே ஒரு பொருள் இருக்கிறது, அதைக் கண் திரித்துக் காண்கிறது. வெறுந்தரையில் பாம்பு தெரிந்தால் ஹலூசினேஷன். பக்கத்து வீட்டார் தன்னைக் கடிக்கப் பாம்பு வளர்க்கிறார்கள் என்று, எந்த ஆதாரம் காட்டினாலும் அசையாமல் ஒருவர் நம்பினால் டெல்யூஷன். இது காட்சி அல்ல, நம்பிக்கை. முதல் இரண்டையும் தெளிவாகப் பிரித்து எழுதியவர் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல். அவருடைய நூல் 1838இல் வந்தது.

இவற்றில் எதையும் வீட்டில் "உன் கற்பனை" என்று சொல்லாதீர்கள். என் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதத்தில் எரிச்சல் என்று இரவெல்லாம் துடித்தார். வீட்டார் அதைக் கற்பனை என்றார்கள். அவர் வலியைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல் 1871இல் இதற்கு ஃபேன்டம் லிம்ப் (மாய உறுப்பு) என்று பெயர் கொடுத்தார். ஃபேன்டம் என்ற அடைமொழி காலுக்கு உரியது. வலி மெய்யானது, மருத்துவம் செய்ய வேண்டியது. இமாஜினரி வலி என்று எழுதுபவர் அந்த மனிதரின் வலியை மறுக்கிறார்.

2024 செப்டம்பர் 23

கணினிச் செயலிகள் இல்லாத தகவலைச் சொல்வதையும் இப்போது ஹலூசினேஷன் என்கிறார்கள். கேம்பிரிட்ஜ் அகராதி 2023ஆம் ஆண்டின் சொல்லாக அந்த வினையையே தேர்ந்தெடுத்தது. வழக்கு நிலைத்துவிட்டது, மாற்ற முடியாது. ஆனாலும் ஹலூசினேஷன் என்பது புலன்களின் கோளாறு, அங்கே புலன்களே இல்லை. நினைவின் இடைவெளியை, ஏமாற்றும் எண்ணமின்றி, பொருத்தமான கதையால் நிரப்புவதை மருத்துவர்கள் கன்ஃபேபுலேஷன் என்பார்கள். அது இன்னும் நெருக்கமான சொல்.

2024 செப்டம்பர் 25

இமாஜினரி எண், அதாவது எதிர்ம எண்ணின் வர்க்கமூலம் பற்றி: அந்த அடைமொழியைக் கொடுத்தவர் பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தே, ஆண்டு 1637. அது மதிப்புக் குறைவான பெயராகவே அமைந்துவிட்டது. ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1831இல் இந்தப் பெயரைக் குறைகூறி, பக்கவாட்டு எண் என்று வைத்திருந்தால் இத்தனை மர்மம் சூழ்ந்திருக்காது என்ற கருத்தை எழுதினார். மாறுதிசை மின்னோட்டக் கணக்கைப் பொறியியல் மாணவர்கள் அந்த எண்களைக் கொண்டே செய்கிறார்கள். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் "கற்பனைப் பகுதி" என்று படிக்கும் பிள்ளையிடம், இங்கே கற்பனை என்பது வெறும் பெயர், இல்லாதது என்ற பொருளில் எடுக்காதே என்று ஒரு வரி சொல்லிவிட வேண்டும்.

2024 செப்டம்பர் 26

ஃபேபுலஸ், ஃபேன்டாஸ்டிக் இரண்டும் வெறும் பாராட்டாகிவிட்டன. கட்டுக்கதையில் வரும் விலங்கு என்று சொல்ல ஃபேபுலஸைப் பயன்படுத்தினால் பிரமாதமான விலங்கு என்றே புரிந்துகொள்வார்கள். விட்டுவிடலாம்.

இமாஜினேடிவ் என்பது படைப்பவருக்கும் படைப்புக்கும் உரிய பாராட்டு. மதிப்பெண் அறிக்கையில் மாணவியை இமாஜினரி என்று குறிப்பிட்டால் அப்படி ஒரு மாணவியே பள்ளியில் இல்லை என்று ஆகிவிடும்.

2024 செப்டம்பர் 29

செய்தித்தாளில் வரும் அலெஜ்டு இந்தக் குடும்பத்தில் எங்கே வரும் என்று குடியாத்தம் வாசகர் கேட்டிருக்கிறார். வராது, ஐயா. அந்தச் சொல் ஒன்று உண்டு என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்வதில்லை. ஒருவர் அவ்வாறு கூறுகிறார், இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். "கூறப்படும்" என்பது சரியான தமிழ். "அலெஜ்டு மோசடி" என்பதைப் "பொய்யான மோசடிப் புகார்" என்று பெயர்த்த ஒரு பிரதியைத் திருத்தியிருக்கிறேன்; புகார்தாரரைப் பொய்யராக்கிவிட்டது அந்த வாக்கியம். வழக்கு முடிந்து குற்றம் உறுதியான பிறகும் சிலர் அலெஜ்டு என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தீர்ப்பு வந்துவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால், கீழமை நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது, மேல்முறையீடு நிலுவையில் உள்ளது என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.